நிலத்தடி வெப்பமும் நூறாண்டுக் கணக்கும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய அறிவியற் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானத் தலைப்பொன்றில் பேச வேண்டும் என்று சங்கத்தின் செயற்குழு கேட்டபோது, நூறு ஆண்டு என்ற கால அளவோடு பொருந்தும் ஒரு விடயத்தைத் தேடினோம். நாம் தெரிந்தெடுத்தது புவிவெப்பம். அதற்குக் காரணம் உண்டு. நிலத்தடி வெப்பத்தை எந்த அளவில் எடுத்தால் அதை நிலைபேறான பயன்பாடு எனலாம் என்ற கேள்விக்கு ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் ஒரு வரைவிலக்கணத்தை முன்வைத்தார்கள். 100 முதல் 300 ஆண்டுகள் வரை குறையாமல் எடுக்கக்கூடிய அளவே நிலைபேறான அளவு என்பது அவர்களுடைய கருத்து. ஆண்டு வருமானத்தையோ, இயந்திரத்தின் ஆயுளையோ அவர்கள் அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு கல்லூரியை நூறு ஆண்டு கட்டிக் காத்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். எரிமலை இல்லாத சாதாரண நிலத்தில் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்கிறது. பாறைக்குழம்பு மேலே வந்துள்ள இடங்களில் இந்த உயர்வு பல மடங்காகும். ஆகவே வெப்பம் எங்கள் எல்லோருடைய காலடியிலும் இருக்கிறது. ஆனால் இருப்பது வேறு, எடுக்கக்கூடியது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தீர்மானிக்கும் காரணிகளைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

புட்டு அவிக்கும் பானையை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் நெருப்பு வேண்டும். பானையில் தண்ணீர் வேண்டும். ஆவி நீத்துப்பெட்டிக்குள் ஏற வழியும் வேண்டும். மாவை இறுக்கி அடைத்தால் ஆவி ஏறாது. தண்ணீர் வற்றிவிட்டால் நெருப்பு எவ்வளவு எரிந்தும் புட்டு அவியாது. புவிவெப்பத் தேக்கம் என்பதும் இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடந்தான். சூடான பாறை நெருப்பு. பாறை வெடிப்புகளிலும் நுண்டுளைகளிலும் நிற்கும் நீரோ நீராவியோ வெப்பத்தைச் சுமந்து வரும் வாகனம். அந்த வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பதே வழி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெப்பம் மேலே வராது.

இவை மூன்றும் இயற்கையாகவே நன்றாக அமைந்த இடங்கள் உலகில் குறைவு. இத்தாலியின் லார்டெரெல்லோ அவற்றுள் ஒன்று. அங்கே 1904ஆம் ஆண்டில் பியெரோ ஜினோரி கொன்ரி என்ற பிரபு, நிலத்திலிருந்து வந்த நீராவியைக் கொண்டு ஐந்து மின்குமிழ்களை எரியச் செய்தார். 1913இல் 250 கிலோவாட் வலுவுள்ள மின்நிலையம் அதே இடத்தில் இயங்கத் தொடங்கியது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அந்த நிலத்திலிருந்து இன்றும் மின்சாரம் கிடைக்கிறது. நிலத்தடி வெப்பம் நூற்றாண்டு கண்டதற்கு அதுவே சாட்சி.

ஆனால் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வெப்ப வலயம் முப்பது ஆண்டுக்குள் இளைத்துப்போகத் தொடங்கியது. இன்றைய எமது உரையின் மையம் அந்தக் கதைதான்.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மயாக்காமஸ் மலைத்தொடரில் உள்ளது அந்த வலயம். பெயர் கெய்சர்ஸ். பெயர் அப்படி இருந்தாலும் அங்கே பீறிட்டு எழும் வெந்நீரூற்றுகள் இல்லை. ஏறத்தாழ 240 பாகை வெப்பநிலையில் உலர்ந்த நீராவி வெளிவருகிறது. தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வேலையில்லாமல் நீராவியை நேரே சுழலிக்கு அனுப்பலாம். 1960இல் 11 மெகாவாட் வலுவுள்ள முதலாவது மின்நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியதும் பல நிறுவனங்கள் அந்த மலைக்கு வந்தன. ஒரே தேக்கத்தில் ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் கிணறு துளைத்தார்கள். 1987 அளவில் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு 1,500 மெகாவாட்டைத் தாண்டியது. எங்கள் நாட்டின் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகாவாட் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

அதன் பின்னர் கிணறுகளின் அமுக்கம் விழத் தொடங்கியது. புதிய கிணறு துளைத்தால் பக்கத்துக் கிணற்றில் ஆவி குறைந்தது. கட்டி முடித்த சுழலிகளுக்குப் போதிய ஆவி கிடைக்கவில்லை. சில நிலையங்கள் மூடப்பட்டன.

பாறை குளிர்ந்துவிட்டதா? இல்லை. பாறையின் வெப்பத்தில் மிகப் பெரும் பங்கு அப்படியே இருந்தது. வற்றியது தண்ணீர். சுழலியைக் கடந்த நீராவி ஒடுங்கித் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி குளிராக்கற் கோபுரங்களின் வழியே மீண்டும் ஆவியாகி வானத்துக்குப் போயிற்று. ஏறத்தாழக் கால்வாசிதான் நிலத்துக்குள் திரும்பிச் சென்றது. மழைநீர் அந்தத் தேக்கத்துக்குள் இறங்கும் வழிகளோ மிகக் குறைவு. எடுப்பது அதிகம், வருவது சொற்பம் என்றால் எந்தப் பானையும் வற்றத்தான் செய்யும்.

உயர்தர வகுப்புப் பௌதிகத்தை நினைவுபடுத்தி ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு கன மீற்றர் பாறையின் திணிவு ஏறத்தாழ 2,700 கிலோகிராம். அதன் தன்வெப்பக் கொள்ளளவைக் கிலோகிராமுக்கு 900 யூல் என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் பாறை 10 பாகை மட்டும் குளிர்ந்தால் வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 24 மெகாயூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் தண்ணீரை அந்தத் தேக்கத்தின் நீராவியாக மாற்ற ஏறத்தாழ 2.7 மெகாயூல் வேண்டும். ஆகவே 240 பாகையில் இருக்கும் பாறை 230 பாகைக்கு இறங்குவதற்குள், ஒவ்வொரு கன மீற்றரும் ஏறத்தாழ 9 கிலோகிராம் நீராவியைத் தரமுடியும். தண்ணீர் கிடைத்தால் மட்டும்! வெப்பம் பாறையில், வாகனம் தண்ணீரில் என்று நாம் முன்னர் சொன்னதன் பொருள் இதுதான்.

தண்ணீரை எங்கே பெறுவது? மலையின் அயலிலிருந்த ஊர்களுக்கு வேறொரு தலையிடி இருந்தது. சுத்திகரித்த கழிவுநீரை எங்கே விடுவது என்பது அவர்களுடைய பிரச்சினை. ஆற்றில் விடுவதற்குக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்தன. 1997இல் லேக் கவுண்டியிலிருந்து ஏறத்தாழ 47 கிலோமீற்றர் நீளக் குழாய் வழியாக அந்த நீர் மலைக்கு வந்தது. 2003இன் இறுதியில் சான்ரா றோசா நகரிலிருந்து, 60 கிலோமீற்றருக்கு மேல் நீளமான இன்னொரு குழாய் வந்து சேர்ந்தது. அந்த ஒரு குழாய் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கோடி லீற்றர் தண்ணீரைக் கொண்டுவரும்படி அமைக்கப்பட்டது. ஓர் ஊரின் கழிவு, மலையின் பானைக்குத் தண்ணீராயிற்று. விழுந்துகொண்டிருந்த உற்பத்தியின் வேகம் தணிந்தது. உச்சக் காலத்தில் பாதியளவுதான் என்றாலும், இன்றும் அந்த வலயம் உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்வலயங்களுள் ஒன்றாக இயங்குகிறது.

திருப்பி ஊற்றினால் போதும் என்று நினைக்கவேண்டாம். எங்கே ஊற்றுகிறோம், எவ்வளவு வேகமாக ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். கொதிக்கும் பானையில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் கொதி அடங்கிப்போகும் என்பதை எந்தத் தாயும் அறிவாள். நிலத்தடியிலும் அப்படித்தான். உள்ளே செலுத்தும் கிணற்றுக்கும் வெளியே எடுக்கும் கிணற்றுக்கும் இடையில் ஓர் அகன்ற வெடிப்பு நேராக ஓடினால், குளிர்ந்த நீர் பாறையில் தங்கிச் சூடேறாமல் குறுக்குவழியில் ஓடிவந்து எடுக்கும் கிணற்றையே குளிர்வித்துவிடும். அதனால்தான் பொறியியலாளர்கள் சாயம் அல்லது வேறு அடையாளப் பொருளொன்றை நீரில் கலந்து செலுத்தி, எந்தக் கிணற்றில் எத்தனை நாளில் அது தலைகாட்டுகிறது என்று பார்க்கிறார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பாரிஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதி. பிரான்சில் வாழும் எமது சகோதரிகள் கவனிக்க வேண்டும். லாகூர்நெவ் போன்ற புறநகர்களில் தொடர்மாடி வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வரும் வெப்பத்தின் ஒரு பகுதி நிலத்தடியிலிருந்தே வருகிறது. அங்கே எரிமலை எதுவும் இல்லை. 1,500 முதல் 2,000 மீற்றர் வரையான ஆழத்தில் உள்ள சுண்ணாம்புக்கல் படையில் வெந்நீர் நிற்கிறது. 1969இல் பாரிசுக்குத் தென்கிழக்கேயுள்ள மெலன் என்ற ஊரில் முதலாவது இரட்டைக் கிணறு தொடங்கியது. ஒரு கிணறு வெந்நீரை எடுக்கும். வெப்பத்தைக் கொடுத்தபின் அதே நீரை மற்றக் கிணறு நிலத்துக்குள் அனுப்பும். நிலமட்டத்தில் அருகருகே இருக்கும் இந்தக் கிணறுகளைச் சாய்வாகத் துளைத்து, அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம் விலகியிருக்கச் செய்கிறார்கள். உள்ளே போன நீர், வழியிலுள்ள பாறையைக் குளிர்வித்துக்கொண்டே நகரவேண்டியிருப்பதால், குளிர் மெல்ல மெல்லத்தான் முன்னேறும். இடைவெளி போதுமானதாக இருந்தால் எடுக்கும் கிணறு குளிரத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். மிச்சம் பிடிப்பதற்காக இடைவெளியைக் குறைத்தால் அடுத்த தலைமுறை அதற்கு விலை கொடுக்கும்.

பாறை இழந்த வெப்பம் சுற்றியுள்ள பாறையிலிருந்து திரும்பி வராதா என்று கேட்கலாம். வரும், ஆனால் மிக மெதுவாக. பாறையினூடாக வெப்பம் கடத்தப்படும் தூரம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 5 அல்லது 6 மீற்றர். தூரம் காலத்தின் வர்க்கமூலத்தோடு கூடுவதால், நூறு ஆண்டு காத்திருந்தாலும் அது 50, 60 மீற்றரைத்தான் எட்டும். இந்தக் கல்லூரியின் முதல் மணி அடித்த நாளில் புறப்பட்ட வெப்பம் இன்றைக்கு எமது விளையாட்டு மைதானத்தைக்கூட முழுமையாகக் கடந்திராது. ஆகவே வெடிப்புகள் நெருக்கமாகவும் பரவலாகவும் இருந்தால்தான் தண்ணீர் பாறையின் உள்வெப்பத்தைத் தொடமுடியும். இரண்டு மூன்று பெரிய வெடிப்புகள் மட்டுமே இருந்தால், அவற்றின் ஓரங்கள் குளிர்ந்துவிடும், நடுப்பாறை சூடாகவே கிடக்கும்.

அடுத்தது தண்ணீரில் கரைந்திருப்பவை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை நாம் எல்லோரும் சுரண்டியிருக்கிறோம். புவிவெப்பக் குழாய்களிலும் படிவுகள் வரும். அவற்றுள் தொல்லை தருவது சிலிக்கா. எங்கள் கேத்தலில் சூடேறும்போது சுண்ணாம்பு படிகிறது. சிலிக்காவோ நீர் குளிரும்போது படிகிறது. ஆகவே வெந்நீரின் கடைசிப் பாகை வரைக்கும் வெப்பத்தைப் பிழிந்தெடுக்க முடியாது. அப்படி எடுத்தால் குழாயும் அடைபடும், உள்ளே செலுத்தும் கிணற்றின் வெடிப்புகளும் அடைபடும். ஓரளவு வெப்பத்தை விட்டுவைப்பதே தேக்கத்தைக் காக்கும் வழியாகிறது.

எல்லாத் தேக்கங்களும் கெய்சர்ஸ் போல மூடியவை அல்ல. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் லௌகார்டாலூர் என்ற பள்ளத்தாக்கு உண்டு. முற்காலத்தில் அந்நகரப் பெண்கள் அழுக்குத் துணிகளைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நடந்துபோய் அங்குள்ள வெந்நீரூற்றுகளில் தோய்த்தார்கள். பனியிலும் காற்றிலும் நடந்த அந்தப் பெண்களுடைய உழைப்பின் வழியில்தான் பின்னர் குழாய் வந்தது. 1930இல் அந்த ஊற்றுப் பகுதியிலிருந்து 3 கிலோமீற்றர் நீளக் குழாயில் வெந்நீர் நகருக்குள் கொண்டுவரப்பட்டது. அதனால் முதலில் சூடேறிய கட்டிடம் ஒரு பாடசாலை என்பதைச் சொல்வதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பின்னர் ஆழமான கிணறுகளும் பம்பிகளும் வந்து எடுக்கும் அளவு பல மடங்காகியது. நிலத்தடி நீர்மட்டம் விழுந்தது. ஆனால் ஓரளவு விழுந்தபின் நின்றுகொண்டது. அமுக்கம் குறைந்ததால் சுற்றுப்புறத்திலிருந்து கூடுதலான நீர் உள்ளே வந்து, எடுப்பதும் வருவதும் ஏறத்தாழச் சமமாகின. அது திறந்த தேக்கம். ஒரு தேக்கம் திறந்ததா, மூடியதா என்பது முதல் நாளில் தெரியாது. பல ஆண்டுகள் அளவாக எடுத்து, அமுக்கத்தையும் வெப்பநிலையையும் தவறாமல் பதிந்து பார்த்தால்தான் தெரியும். கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டவேண்டும் என்று அறிந்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அளவறியாமல் எடுத்தால் வெப்பம் குறைவது மட்டுமல்ல, நிலமும் மாறும். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958இல் மின்னுற்பத்தி தொடங்கியது. பல பத்தாண்டுகள் நீரைத் திருப்பிச் செலுத்தாமல் ஆற்றில் விட்டதால் ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 15 மீற்றர் தாழ்ந்தது. அருகிலிருந்த பள்ளத்தாக்கின் பீறிடும் ஊற்றுகள் அடங்கிப்போயின. அதே நாட்டின் ரொட்டொருவா நகரில், வீடுகளும் விடுதிகளும் துளைத்த கிணறுகளால் புகழ்பெற்ற ஊற்றுகள் நலிந்தன. எண்பதுகளின் பிற்பகுதியில் பொகுட்டு என்ற ஊற்றிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த கிணறுகளை அரசு மூடுவித்தது. ஊற்றுகள் மெல்ல மெல்ல உயிர்பெற்றன. மறுபக்கத்தில், தண்ணீரை உயர்ந்த அமுக்கத்தில் உள்ளே செலுத்துவதாலும் ஆபத்து உண்டு. 2006 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரின் அடியில் பாறையை வெடிக்கச் செய்து வழியுண்டாக்க முயன்றபோது 3.4 அளவிலான நில அதிர்வு ஏற்பட்டு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. கெய்சர்ஸ் மலையிலும் குளிர்ந்த நீர் பட்டுப் பாறை சுருங்குவதால் சிறு அதிர்வுகள் அடிக்கடி வருகின்றன. அயலூர் மக்கள் அவற்றை உணர்கிறார்கள். ஆகவே மக்களுடைய சம்மதமும் வெப்பத்தை எடுக்கும் காரணிகளுள் ஒன்றாகவே இன்று கணிக்கப்படுகிறது.

எங்கள் நாட்டிலும் வெந்நீரூற்றுகள் உண்டு. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளில் குளிக்காதவர்கள் எம்மில் குறைவு. மகா ஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் ஊற்றுகள் உள்ளன. இலங்கையில் உயிருள்ள எரிமலை இல்லை. மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, மீண்டும் மேலே வருகிறது. கன்னியாவில் கலிபோர்னியாவைப் போல மின்நிலையம் எழும்பும் என்று கனவு காண இடமில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெற்றாரை இழந்தவர்கள் அந்தியேட்டிக் கிரியைக்காகக் கன்னியாவுக்குப் போகும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அத்தகைய ஓர் ஊற்றின் அயலில் யார் எதற்காகத் துளைத்தாலும், ரொட்டொருவாவில் நடந்ததை முன்னரே படித்துவிட்டுத் துளைக்கவேண்டும். ஊற்றின் வெப்பநிலையையும் வரத்தையும் ஆண்டுக்காண்டு பதிந்து வைப்பது பெரிய செலவில்லாத வேலை. அந்தப் பக்கத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களே அதைச் செய்யலாம். அதற்கு வேண்டிய வெப்பமானிகளையும் பதிவேடுகளையும் வாங்கிக் கொடுப்பது எமது சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதல்ல என்று செயற்குழுவின் முன் பணிவோடு வைக்கிறோம்.

வலிகாமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதியதல்ல. சுண்ணாம்புக்கல்லினுள் நிற்கும் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறும்வரை காத்திருந்தார்கள். மின்பம்பி வந்தபின் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்பு ஏறியது. வெப்பமானாலும் நன்னீரானாலும், நிலத்தின் அடியில் இருப்பதை எடுப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். எவ்வளவு வருகிறது? எவ்வளவு எடுக்கிறோம்? எதைத் திருப்பிக் கொடுக்கிறோம்? கெய்சர்ஸ் மலையில் முதல் இரண்டு கேள்விகளும் பிந்திக் கேட்கப்பட்டன. மூன்றாவதற்குக் கிடைத்த விடைதான் அந்த வலயத்தைக் காப்பாற்றியது.

உயர்தர வகுப்பில் பௌதிகமும் இரசாயனமும் படிக்கும் தங்கைமாரே, தன்வெப்பக் கொள்ளளவும் மறைவெப்பமும் பரீட்சை வினாத்தாளோடு முடிந்துபோகும் பாடங்கள் என்று எண்ணவேண்டாம். மலையொன்றின் ஆயுளையும் ஓர் ஊரின் குளிர்கால வெப்பத்தையும் அவற்றைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். ஐஸ்லாந்தும் நியூசிலாந்தும் இந்தத் துறையில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகின்றன. உங்களில் ஒருத்தி அங்கே போய்ப் படித்துவந்து, இந்த மண்டபத்திலேயே எமக்கு இன்னும் விரிவாக விளக்கவேண்டும் என்பது எமது ஆசை.